வீட்டில் சேரும் ஊசிகளும் பழைய மருந்துகளும்: பாதுகாப்பாகச் சேமித்தலும் ஒப்படைத்தலும்

முன்பு மருத்துவமனையில் மட்டுமே நடைபெற்ற பல சிகிச்சைகள் இன்று வீட்டிலேயே நடைபெறுகின்றன. நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலின் செலுத்திக்கொள்கிறார்கள். குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து, மூட்டுவாதத்துக்கான மருந்து, கருத்தரிப்புச் சிகிச்சைக்கான மருந்து ஆகியவையும் ஊசி வழியாக வீட்டில் செலுத்தப்படுகின்றன. மருத்துவமனையில் பயன்படுத்திய ஊசியைப் போடுவதற்கான பெட்டி தாதியின் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருக்கும். வீட்டில் அந்த ஏற்பாட்டைச் செய்வது குடும்பத்தினரின் பொறுப்பாகிறது.

தெற்காசியப் பின்னணி கொண்டவர்களிடையே இரண்டாம் வகை நீரிழிவு அதிகமாகக் காணப்படுவதால், தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இது அன்றாட விடயம். நாளொன்றுக்கு நான்கு முறை இன்சுலின் செலுத்தும் ஒருவர், ஒவ்வொரு முறையும் புதிய ஊசியைப் பயன்படுத்தினால், ஓர் ஆண்டில் ஏறத்தாழ 1,460 ஊசிகள் சேரும். குருதிச் சர்க்கரையைச் சோதிப்பதற்காக விரலில் குத்தும் லான்செட் ஊசிகள் இதற்குப் புறம்பானவை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இவற்றைச் சேமிக்கவும் ஒப்படைக்கவும் உள்ள வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

குப்பைத் தொட்டியில் ஏன் போடக்கூடாது?

வீட்டு வாசலில் வைக்கப்படும் தொட்டி லொறியில் கொட்டப்பட்டதும் அதிலுள்ளவை அழுத்தி நசுக்கப்படுகின்றன. அப்போது மெல்லிய பிளாஸ்டிக் போத்தல்களும் பைகளும் கிழிந்து, உள்ளேயிருக்கும் ஊசிகள் வெளியே வருகின்றன. மீள்சுழற்சித் தொட்டியில் சேர்பவை தரம்பிரிக்கும் நிலையத்துக்குச் செல்கின்றன. அங்கே இயந்திரங்கள் பல இருந்தாலும், நகரும் பட்டையின் அருகே நின்று கையால் பொருட்களைப் பிரித்தெடுக்கும் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். கையுறை அணிந்திருந்தாலும் ஊசி முனை அதைத் துளைத்துவிடும்.

ஊசி குத்திய தொழிலாளிக்கு அது யாருடைய ஊசி என்பது தெரியாது. ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி, எச்.ஐ.வி. ஆகிய கிருமிகள் குருதி வழியாகத் தொற்றக்கூடியவை. ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. தொற்று ஏற்படாமலே போகலாம். ஆயினும் அதை உறுதிசெய்வதற்கு அவர் பல மாதங்களுக்கு மீண்டும் மீண்டும் குருதிப் பரிசோதனை செய்யவேண்டும். அந்த மாதங்கள் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் மிகுந்த மனக்கலக்கத்தைத் தருபவை. தமக்கு எந்தத் தொற்றும் இல்லை என்று உறுதியாக அறிந்தவர் போடும் ஊசியும் இதே கலக்கத்தைத் தரும்.

ஊசிக் கழிவுப் பெட்டி

இதற்கென்றே செய்யப்பட்ட பெட்டி தடித்த பிளாஸ்டிக்கால் ஆனது. மஞ்சள் நிறமும் உயிராபத்தைக் குறிக்கும் கறுப்புச் சின்னமும் இதன் அடையாளங்கள். ஊசி முனை உள்ளிருந்து துளைக்க முடியாதவாறு இதன் சுவர் அமைந்திருக்கும். வாய்ப்பகுதி, ஊசி உள்ளே போகவும் எளிதில் வெளியே வராமலிருக்கவும் ஏற்றவாறு இருக்கும். பெரும்பாலான பெட்டிகளின் மூடியில் இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று, பயன்பாட்டுக்கு இடையில் தற்காலிகமாக மூடுவது. மற்றது, நிறைந்தபின் நிரந்தரமாகப் பூட்டுவது. நிரந்தரமாகப் பூட்டிய மூடியைத் திறக்க முடியாது.

வாய்ப்பகுதியில் சிறு வெட்டு ஒன்று இருப்பதையும் பல பெட்டிகளில் காணலாம். இன்சுலின் பேனாவின் ஊசியை அதில் பொருத்தித் திருகினால், விரல் ஊசியைத் தொடாமலே அது கழன்று உள்ளே விழும்.

பெட்டியின் வெளிப்புறத்தில், உயரத்தின் முக்கால் பங்களவில், ஒரு கோடு இடப்பட்டிருக்கும். அதற்கு மேல் நிரப்பக்கூடாது. ஊசிகள் பெட்டிக்குள் ஒழுங்காகப் படிவதில்லை. குறுக்கும் நெடுக்குமாக நிற்கின்றன. கோட்டைத் தாண்டி நிரப்பினால் அடுத்த ஊசியைப் போடும் கை, ஏற்கனவே உள்ளவற்றில் படும். இடம் உண்டாக்குவதற்காகப் பெட்டியை அழுத்துவதும் உள்ளே கைவிடுவதும் ஆபத்தானவை.

பெட்டிகள் சட்டைப் பையில் அடங்கும் அளவு முதல் பல லிட்டர் கொள்ளளவு வரை கிடைக்கின்றன. வேலைத்தலத்துக்கும் பயணத்துக்கும் சிறியது போதும். மருந்தகங்களில் இவற்றை வாங்கலாம். தேசிய நீரிழிவுச் சேவைத் திட்டத்தில் பதிவுசெய்து இன்சுலின் பயன்படுத்துவோருக்கு ஊசிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் கழிவுப் பெட்டி அத்துடன் சேர்ந்து வருவதில்லை. அதைத் தனியாகப் பெற்றுக்கொள்ள வேண்டும். வருகை விசாவில் வந்து தங்கியிருக்கும் பெற்றோர் பெரும்பாலும் தமது ஊசிகளை ஊரிலிருந்து கொண்டுவருகிறார்கள். அவர்களுக்கும் வந்த முதல் நாளிலிருந்தே ஒரு பெட்டி தேவை.

உதவும் வேறு கருவிகள்

- பாதுகாப்பு ஊசி: பயன்படுத்தியவுடன் ஊசி முனையை ஓர் உறை தானே மூடிக்கொள்ளும். முதியவருக்கோ குழந்தைக்கோ ஊசி போடுபவருக்கு இது மிகவும் ஏற்றது.
- தானே உள்ளிழுக்கும் லான்செட்: விரலில் ஒருமுறை குத்தியதும் முனை உள்ளே சென்றுவிடும், மறுபடி பயன்படுத்த முடியாது.
- ஊசி முனை வெட்டும் சிறு கருவி: ஊசியின் முனையை வெட்டித் தன்னுள்ளேயே சேமித்துக்கொள்ளும். லான்செட்டுகளை இதில் வெட்டக்கூடாது. நிறைந்த கருவியும் ஊசிக் கழிவாகவே ஒப்படைக்கப்படவேண்டும்.

இவை ஊசி குத்தும் வாய்ப்பைக் குறைக்கின்றன. எனினும் பாதுகாப்பு ஊசியும் லான்செட்டும் இறுதியில் மஞ்சள் பெட்டிக்குள்ளேயே செல்லவேண்டும்.

தொடர் சர்க்கரை அளவியைத் தோலில் பொருத்தும் கருவிக்குள்ளும் ஓர் ஊசி மறைந்திருக்கிறது. ஒவ்வாமைக்கான அவசர ஊசிக் கருவியும் அவ்வாறே. வெளியே ஊசி தெரியவில்லை என்பதால் இவற்றைக் குப்பையில் போட்டுவிடக்கூடாது.

வீட்டில் பின்பற்ற வேண்டிய முறை

- ஊசி போடத் தொடங்குவதற்கு முன்பே பெட்டியை அருகில் வைக்கவேண்டும். பயன்படுத்திய ஊசியை மேசைமீது ஒரு கணமும் விட்டுவைக்காமல் நேரே பெட்டியில் போடவேண்டும்.
- சிரிஞ்சிலிருந்து ஊசியைக் கழற்றவோ வளைக்கவோ மீண்டும் மூடவோ கூடாது. முழுவதையும் அப்படியே போடவேண்டும்.
- பேனாவின் ஊசியை ஒவ்வொரு முறையும் கழற்றிவிட வேண்டும். வேறொருவருக்கு ஊசி போடுபவர் ஊசியைத் தம் விரல்களால் மூடாமல், பெட்டியின் வெட்டையோ ஊசி கழற்றும் கருவியையோ பயன்படுத்தவேண்டும்.
- பெட்டி சிறுவர்களுக்கு எட்டாத உயரத்தில், சாய்ந்து விழாத இடத்தில் இருக்கவேண்டும்.
- ஊசியையோ லான்செட்டையோ குடும்பத்தினரிடையேகூடப் பகிர்ந்துகொள்ளக் கூடாது.

பெட்டி கிடைக்கும் வரை தற்காலிகமாக ஏதேனும் பயன்படுத்த நேர்ந்தால், திருகு மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் கொள்கலனைத் தெரிவுசெய்து, உள்ளே ஊசிகள் உள்ளன என்று தெளிவாக எழுதி ஒட்டவேண்டும். கண்ணாடிப் போத்தல் உடையும். குளிர்பானப் போத்தல் மிக மெல்லியது. அதோடு, 10 சதத்துக்குத் திருப்பிக் கொடுக்கக்கூடியது என்று எண்ணி யாரேனும் அதைக் கையில் எடுக்கவும் கூடும்.

நிறைந்த பெட்டியை எங்கே ஒப்படைப்பது?

இங்கேதான் ஒரு குழப்பம் அடிக்கடி ஏற்படுகிறது. பெட்டி மஞ்சள் நிறம். மீள்சுழற்சித் தொட்டியின் மூடியும் மஞ்சள் நிறம். பெட்டி பிளாஸ்டிக்கால் ஆனது என்பதாலும் பலர் அதை அத்தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். அது முற்றிலும் தவறு. பூட்டிய பெட்டி மஞ்சள் மூடித் தொட்டிக்கும் உரியதல்ல. சிவப்பு, பச்சை மூடித் தொட்டிகளுக்கும் உரியதல்ல.

அதனைக் கையால் கொண்டுசென்று ஒப்படைக்க வேண்டும். இத்திட்டத்தில் பங்குபெறும் மருந்தகங்கள், பொது மருத்துவமனைகள், மாநகரசபைகள் பொதுக் கழிவறைகளிலும் பூங்காக்களிலும் அமைத்துள்ள ஊசிக் கழிவுத் தொட்டிகள் ஆகியவை இதற்குரிய இடங்கள். எல்லா மருந்தகங்களும் ஊசிகளை ஏற்பதில்லை. ஆகவே புறப்படுவதற்கு முன் தொலைபேசியில் கேட்டறிவது நல்லது. வீட்டுக்கு அருகிலுள்ள இடத்தை மாநகரசபையின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலும் அறியலாம்.

மருந்துகளுக்கு வேறு வழி

காலாவதியான மாத்திரைகள், பாணிமருந்துகள், களிம்புகள், உறிஞ்சு கருவிகள் ஆகியவற்றை எந்த மருந்தகத்திலும் இலவசமாகத் திருப்பிக் கொடுக்கலாம். தேவையற்ற மருந்துகளைத் திரும்பப் பெறும் இத்தேசியத் திட்டத்துக்கு ஆஸ்திரேலிய அரசு நிதி வழங்குகிறது. மருந்து எங்கே வாங்கப்பட்டது என்பது பொருட்டல்ல. ஊரிலிருந்து கொண்டுவந்தவற்றையும் கொடுக்கலாம். பயன்படுத்தாத இன்சுலினை ஊசியை நீக்கியபின் கொடுக்கவேண்டும். புற்றுநோய்க்கான மருந்தாயின் அதை மருந்தாளரிடம் தனியாகச் சொல்லவேண்டும்.

ஊசியையும் மருந்தையும் ஏன் ஒரே பெட்டியில் போடக்கூடாது என்ற கேள்வி எழலாம். இரண்டும் அழிக்கப்படும் முறை வேறு. ஊசிக் கழிவுகளை அழிக்கும் முறைகளுள் ஒன்று அழுத்த நீராவிக் கலன். அதனுள் 121 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட நீராவி கிருமிகளைக் கொல்கிறது. பின்னர் கழிவு துண்டாக்கப்பட்டு நிலத்தில் புதைக்கப்படுகிறது. நீராவி கிருமியைக் கொல்லுமே தவிர மருந்தின் வேதிப்பொருளை அழிக்காது. மருந்துகளுக்கு உயர்வெப்ப எரியுலை தேவை. அங்கே 850 பாகையைக் கடந்த வெப்பத்தில் அவை எரிக்கப்படுகின்றன.

வீட்டுக் கொல்லையில் எரிப்பது இதற்கு மாற்றாகாது. சாதாரண நெருப்பின் குறைந்த வெப்பத்தில் பிளாஸ்டிக் நச்சுப்புகையைக் கக்கும். ஊசியும் சாம்பலுக்குள் அப்படியே கிடக்கும். மருந்தைக் கழிவறையில் ஊற்றுவதும் நீர்நிலைகளுக்குத் தீங்கானது.

பொது இடத்தில் ஊசி கிடந்தால்

சிறுவர்கள் ஊசியைத் தொடாமல், பெரியவர் ஒருவரிடம் உடனே சொல்லவேண்டும் என்பதை வீட்டில் முன்கூட்டியே கற்பிக்கவேண்டும். நியூ சவுத் வேல்ஸ் ஊசி அகற்றும் தொலைபேசிச் சேவைக்கு 1800 633 353 என்ற எண்ணில் அறிவிக்கலாம்.

தாமே அகற்ற நேர்ந்தால், பெட்டியைக் கையில் பிடிக்காமல் ஊசியின் அருகே தரையில் வைக்கவேண்டும். இடுக்கியால் அல்லது கையுறை அணிந்த கையால் சிரிஞ்சின் நடுப்பகுதியைப் பிடித்து, முனை முதலில் உள்ளே செல்லுமாறு போட்டு மூடவேண்டும். பின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும்.

ஊசி குத்திவிட்டால்

குத்திய இடத்தை ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் உடனே கழுவவேண்டும். குருதியைப் பிதுக்கவோ உறிஞ்சவோ கூடாது. காயத்தை மூடி, அன்றே மருத்துவரிடமோ மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ செல்லவேண்டும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்து தேவை என மருத்துவர் கருதினால் அது 72 மணி நேரத்துக்குள் தொடங்கப்படவேண்டும். எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. ஹெப்படைட்டிஸ் பி தொற்றைத் தடுப்பதற்கும் தடுப்பூசி உள்ளிட்ட சிகிச்சைகள் உண்டு. வலி இல்லை என்பதற்காகவோ கூச்சத்தினாலோ காலம் தாழ்த்தலாகாது.

பயனுள்ள தொலைபேசி எண்கள்

- ஊசி அகற்றும் சேவை (நியூ சவுத் வேல்ஸ்): 1800 633 353
- தேசிய நீரிழிவுச் சேவைத் திட்டம்: 1800 637 700
- மருந்தைத் தவறுதலாக உட்கொண்டால், நச்சுத் தகவல் மையம்: 13 11 26
- உயிராபத்தான அவசரம்: 000
- தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவையெனில்: 131 450. தமிழ் மொழி என்று கூறி, தொடர்புகொள்ள வேண்டிய இடத்தின் பெயரையும் எண்ணையும் தெரிவிக்கவேண்டும்.