போதகரைச் சோதித்தறியும் பொறுப்பு

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலை ஏறாவூர், சித்தாண்டி, கிரான், வாழைச்சேனை என ஊர்களைக் கடந்து ஓட்டமாவடிப் பாலத்தைச் சென்றடைகின்றது. புகைவண்டியும் பேருந்தும் ஒரே இரும்புப் பாலத்தின் மீது முறைவைத்துச் சென்ற காலத்தை அவ்வூர் முதியோர் நன்கறிவர். முஸ்லிம்களும் இந்துக்களும் பெருந்தொகையாய் வாழும் அந்த வாவிக்கரையில் கத்தோலிக்கர் ஒரு சிறு மந்தையே. சிறு மந்தைக்கு அதன் மேய்ப்பர் யார் என்பது பெரிய கேள்வி. இறைவார்த்தை என்று சொல்லி எவர் வந்தாலும் கேட்கலாமா? கேட்டதையெல்லாம் நம்பலாமா?

அந்தச் சாலையே இக்கேள்விக்கு ஒரு விடையை வைத்திருக்கின்றது. 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் நாள், அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவன்று, இயேசு சபைக் குருவாகிய யூஜின் ஜோன் ஹேபர்ட் அடிகளார் தமிழ் இளைஞர் ஒருவருடன் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை. அவர்களின் உடல்களும் கிடைக்கவில்லை. அடிகளார் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்தவர். 1948இல் இலங்கைக்கு வந்தவர். மாணவர்களுக்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றினார். இளைஞர் கைத்தொழில் கற்கத் துணைநின்றார். அந்த ஓகஸ்ட் மாதத்தில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்களின் இரத்தமும், தமிழ்க் கிராமங்களில் தமிழரின் இரத்தமும் சிந்தப்பட்டன. வெளிநாட்டுக் குரு ஒருவர் அப்போது தாயகம் திரும்பியிருந்தால் எவரும் அவரைக் குறை கூறியிருக்கமாட்டார். கூலிக்கு மேய்ப்பவன் ஓநாயைக் கண்டதும் ஓடிவிடுவான் என்று ஆண்டவர் யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் கூறுகின்றார். ஓடாதிருந்தவரை நல்ல மேய்ப்பர் என்று அறிந்துகொள்ள மட்டக்களப்பு மக்களுக்கு இறையியல் நூல் எதுவும் தேவைப்படவில்லை.

கனிகளைக் கொண்டு மரத்தை அறிவது என்பது இதுதான். மலைப்பொழிவின் இறுதியில் (மத் 7:15-20), ஆட்டுத்தோல் போர்த்திவரும் போலி இறைவாக்கினரைக் குறித்து எச்சரிக்கும்போது ஆண்டவர் முதலில் கையில் தரும் அளவுகோலும் இதுவே.

ஆயினும் நம் குடும்பங்களில் ஒரு தயக்கம் உண்டு. குருவானவரைப் பற்றியோ, போதிப்பவரைப் பற்றியோ வாய் திறப்பதே பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்த மரியாதை நல்லது. அதை இழந்துவிடக் கூடாது. ஆனால் சோதித்தறிதலைத் திருவிவிலியம் விருப்பத்துக்கு விடவில்லை, கட்டளையாகவே தருகின்றது. எல்லா ஆவிகளையும் நம்பிவிடாமல், அவை கடவுளிடமிருந்து வந்தவையா என்று ஆய்ந்து பார்க்குமாறு யோவான் தம் முதல் திருமடலின் நான்காம் அதிகாரத்தில் பணிக்கின்றார். பவுலடியாரோ தெசலோனிக்கருக்கு எழுதுகையில் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிக்கின்றார். முதலில், தூய ஆவியின் நெருப்பை அணைத்துவிடாதிருங்கள் என்கிறார். பிறகுதான் அனைத்தையும் சோதித்து நல்லதைக் கைக்கொள்ளச் சொல்கிறார். பெரோயா ஊரார் அந்தப் பவுலின் போதனையையே நாள்தோறும் மறைநூலோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். திருத்தூதர் பணிகள் நூல் (17:11) அவர்களைப் பெருந்தன்மை உடையோர் என்றே பாராட்டுகின்றது.

நம் முன்னோர்க்கும் இது புதிதன்று. திருக்குறளின் 51ஆம் அதிகாரத்திற்குத் ‘தெரிந்து தெளிதல்’ என்று பெயர். ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பின் அவரை ஐயுறுவதும் ஆகிய இரண்டுமே தீராத துன்பம் தரும் என்பது வள்ளுவர் அங்கே முடிவாகச் சொல்லும் கருத்து. இரண்டாவது பாதியை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். எந்நேரமும் ஐயுறுபவரும் சோதித்தறியாதவரே.

தொடக்கத் திருச்சபை இதனை மிக நடைமுறையாகச் செய்தது. ‘டிடாக்கே’ எனப்படும் பன்னிரு திருத்தூதர் போதனை நூல், முதலாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது என அறிஞர் பலர் கருதுவர். ஊர் ஊராய் வரும் போதகர்களை எவ்வாறு ஏற்பது என்று அது கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சொல்கிறது. வருபவரை ஆண்டவரைப் போல் வரவேற்க வேண்டும். ஒரு நாள், தேவையானால் இரு நாள் அவர் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் போலி. புறப்படும்போது வழிக்கு உணவு கொடுக்கலாம். பணம் கேட்டால் அவர் போலி. ஆவியின் ஏவுதலால் பேசுவதாகக் காட்டிக்கொண்டு தமக்குப் பணம் கேட்பவருக்குச் செவிகொடுக்க வேண்டாம். பிறருடைய வறுமைக்காகக் கேட்பாராயின் அவரை எவரும் தீர்ப்பிட வேண்டாம். எவ்வளவு நுட்பமான வேறுபாடு! 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின் பின் நம் கிழக்குக் கரைக்கு உதவியோடும் போதனையோடும் வந்தோர் பலர். கொடுத்தவற்றுக்கு விலை எதுவும் கேளாதோர் அவர்களுள் இருந்தனர்; கொடுக்கும் பொருளோடு விசுவாசத்தையும் பேரம் பேசியோரும் இருந்தனர். இவ்விரு சாராரையும் பிரித்தறிய டிடாக்கேயின் அந்த ஒரு விதி போதுமானதாய் இருந்திருக்கும்.

கனியை மட்டும் பார்த்தால் போதுமா என்றால், போதாது. வாழ்வில் மாசில்லாத ஒருவர் போதனையில் பிழைபடலாம். நம் நாட்டிலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு, அது வேதனையானது.

அருட்தந்தை திஸ்ஸ பாலசூரிய அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்தவர். அக்குவைனாஸ் பல்கலைக்கழகக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். சமூகத்தையும் சமயத்தையும் இணைத்து ஆராயும் நிலையம் ஒன்றை 1971இல் கொழும்பில் நிறுவியவர். ஏழைகளுக்காகவும் இன நல்லிணக்கத்துக்காகவும் அவர் உழைத்தார் என்பதை அவரை எதிர்த்தோரும் மறுக்கவில்லை. 1990இல் அன்னை மரியாவையும் மானிட விடுதலையையும் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். ஜென்மப் பாவம், அமலோற்பவம், மீட்பராகிய கிறிஸ்துவின் தனித்தன்மை, திருச்சபையின் போதிக்கும் அதிகாரம் ஆகியவை பற்றி அதில் எழுப்பிய கேள்விகள் கத்தோலிக்க விசுவாசத்தோடு பொருந்தவில்லை என இலங்கை ஆயர்கள் 1994இல் எச்சரித்தனர். உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயமும் தன் கருத்துகளை எழுதியனுப்பியது. தாம் சொல்லாதவற்றைச் சொன்னதாகக் கொண்டுள்ளனர் என அடிகளார் நீண்ட மறுமொழி எழுதினார். அவருக்கென்றே தயாரிக்கப்பட்ட விசுவாச அறிக்கை ஒன்றில் கையொப்பமிடுமாறு கேட்கப்பட்டது. அவர் அதற்குப் பதிலாகத் திருத்தந்தை ஆறாம் பவுலின் விசுவாச அறிக்கையில், தம் குறிப்பு ஒன்றைச் சேர்த்துக் கையொப்பமிட்டார். அது ஏற்கப்படவில்லை. 1997 ஜனவரியில் அவர் திருச்சபைக்குப் புறம்பானார் என்ற அறிவித்தல் வெளியாயிற்று. அப்போது அவருக்கு வயது 72.

ஓராண்டு கழித்து, 1998 ஜனவரி 15ஆம் நாள், கொழும்பில் அவர் திருச்சபையோடு மீண்டும் ஒப்புரவாக்கப்பட்டார். ஆறாம் பவுலின் அதே விசுவாச அறிக்கையை, இம்முறை குறிப்பு எதுவுமின்றி ஏற்றார்; தம் எழுத்துகளில் பிழைகள் காணப்பட்டதை ஒப்புக்கொண்டு, விளைந்த மனவருத்தத்துக்காக வருந்தினார். 2013 ஜனவரி 17ஆம் நாள் திருச்சபையின் மகனாகவே கண்மூடினார்.

இதில் யார் வென்றார் என்று கேட்போர் உண்டு. அக்கேள்வி எனக்கு உவப்பாயில்லை. ஜென்மப் பாவமும் மீட்பும் ஒருவர் தம் விருப்பப்படி மாற்றி எழுதக்கூடியவை அல்ல; அவற்றைக் காப்பது ஆயர்களின் கடமை, அதை அவர்கள் செய்யாதிருந்தால் மந்தைக்கே இழப்பு. அதேவேளை, 1998இல் சில நாள் கலந்துரையாடலில் எட்ட முடிந்த உடன்பாட்டை, நேருக்கு நேர் அமர்ந்து பேசியிருந்தால் 1996இலேயே எட்டியிருக்கலாமே என்ற ஏக்கம் எழுகின்றது. இடையில் அந்த முதியவர் திருவிருந்தை விட்டு விலகி நின்ற ஓராண்டை யார் திருப்பித் தருவார்?

எவ்வாறு சோதிப்பது என்பதைக் கிழக்கிலங்கைக் கத்தோலிக்கர் தம் சொந்த வரலாற்றிலிருந்தே கற்கலாம். திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் உருவாக்கப்பட்டபின், 1895இல் பிரெஞ்சு இயேசு சபையினர் இங்கு பணிக்கு வந்தனர். பின்னர் அமெரிக்க இயேசு சபையினர் தொடர்ந்தனர். மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது 2012இல்தான். நம் பாட்டனார் காலத்திலிருந்து மறையுரை கேட்டும் பள்ளி சென்றும் நாம் யாரிடம் பயின்றோமோ, அவர்களின் தந்தை புனித இஞ்ஞாசியார். போலிப் போதகர் என்ற ஐயத்தின் பேரில் விலங்கிடப்பட்டவர் அவர் என்பது பலருக்குத் தெரியாது.

1527இல் அல்காலா நகரில் அவர் 42 நாள் சிறையிருந்தார். குருவும் அல்லாத, இறையியலும் கல்லாத ஒருவர் பெண்களையும் எளியோரையும் கூட்டி ஆன்மீகம் பேசுவது ஏன் என்பது குற்றச்சாட்டு. அதே ஆண்டில் சலமான்கா நகரில் மேலும் 22 நாள், காலில் சங்கிலியோடு. எழுதி வைத்திருந்த ஆன்மீகப் பயிற்சிகளை அவர் தாமே விசாரணையாளர் கையில் கொடுத்து ஆராயச் சொன்னார். அவர்கள் பிழை எதுவும் காணவில்லை. ஆயினும் கல்வி முடியும்வரை சில பொருள்களைப் பற்றிப் பேசுவதைத் தவிர்க்கச் சொன்னார்கள். அவர் முப்பது வயதைத் தாண்டியவராய்ப் பாரிசுக்குச் சென்று மாணவராய் அமர்ந்தார். 1538இல் உரோமையில் மீண்டும் அவதூறு எழுந்தது. குற்றம் சாட்டியோர் பின்வாங்கியதும், விடயத்தை அப்படியே விட்டுவிடலாம் என்றனர் பலர். இஞ்ஞாசியார் விடவில்லை. திருத்தந்தை மூன்றாம் பவுலை நேரில் கண்டு, முறையான விசாரணையும் எழுத்துமூலத் தீர்ப்பும் வேண்டுமென்று கேட்டுப் பெற்றார். தம் போதனை வெளிச்சத்தில் ஆராயப்பட வேண்டும் என்று தாமே கேட்கும் போதகர்! ‘ஆண்டவரால் அபிஷேகம் பெற்றவனைக் கேள்வி கேட்காதே’ என்று மேடையிலிருந்து மிரட்டுவோரை இவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

குற்றவாளிக் கூண்டில் நின்றவர் ஆதலால், சோதிப்போருக்கும் அவர் ஓர் ஒழுங்கை வைத்தார். ஆன்மீகப் பயிற்சிகள் நூலின் 22ஆம் எண்ணில் அது உள்ளது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் அதை எடுத்தாள்கின்றது. பிறர் சொன்னதற்கு நல்ல பொருள் கொள்ள முதலில் முயல வேண்டும். இயலாவிடின், நீங்கள் இதை எப்பொருளில் கூறினீர்கள் என்று அவரையே கேட்க வேண்டும். அவர் தவறாகப் புரிந்திருந்தால் அன்போடு திருத்த வேண்டும். அதுவும் போதாவிடின், அவரை மீட்கத் தகுந்த எல்லா வழிகளையும் தேட வேண்டும். பாதி கேட்ட மறையுரையைக் கோவில் வாசலிலேயே திரித்துப் பேசும் நம் வழக்கத்துக்கு இவ்வொழுங்கில் இடமேயில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். போதனைப் பிழைக்குரிய இந்தப் பொறுமையைக் குற்றச் செயலுக்குக் காட்டுவது பொறுமையாகாது. சிறுவரைத் துன்புறுத்துதல், மானபங்கம் போன்றவற்றைத் தனியே அழைத்துப் பேசித் தீர்க்க முயல்வது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் இரண்டாம் அநீதி. திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் வழங்கி 2023இல் நிரந்தரமாக்கிய சட்டம், இத்தகைய முறைப்பாட்டை எவரும் அளிப்பதற்குரிய வழியை ஒவ்வொரு மறைமாவட்டமும் வைத்திருக்க வேண்டும் என்று பணிக்கின்றது. நாட்டின் சட்டமும் காவல்துறையும் இருப்பதும் அதற்காகவே. பணப் பொறுப்பு, பங்கு நிர்வாகம் முதலியவற்றில் குறை கண்டால், திருச்சபைச் சட்டத்தின் 212ஆம் எண் நம் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்கும் உரிமையை, சிலவேளை கடமையையும், நமக்குத் தந்திருக்கிறது. மரியாதையோடு தெரிவிக்க வேண்டும் என்பதும் அங்கேயே உள்ளது. குருவின் வாழ்வு தவறியதென்றால் அவர் நிறைவேற்றிய திருவருட்சாதனங்களும் பொய்த்தனவோ என்று கலங்குவோர் உண்டு. ஆபிரிக்காவில் தொனாத்துவாதிகள் அப்படித்தான் வாதிட்டனர். திருமுழுக்கு அளிப்பவர் கிறிஸ்துவே என்று புனித அகுஸ்தீனார் அவர்களுக்கு மறுமொழி அளித்தார். உங்கள் பிள்ளையின் திருமுழுக்கு உறுதியானதே.

போதனையைப் பொறுத்தவரை, இல்லத்திலேயே தொடங்கலாம். கிறிஸ்து மெய்யாகவே மனிதரானார், இறந்து உயிர்த்தார் என்பதை இவர் அறிக்கையிடுகிறாரா? துன்பப்படும் குடும்பத்தைப் பார்த்து, உங்கள் விசுவாசக் குறைவே நோய்க்குக் காரணம் என்று பாரத்தைக் கூட்டுகிறாரா? மருந்தை நிறுத்தச் சொல்கிறாரா? அயலிலுள்ள முஸ்லிமையும் இந்துவையும் பழிக்காமல் நற்செய்தி சொல்ல இவரால் இயலுமா? ஓட்டமாவடி வாவிக்கரையில் கடைசிக் கேள்வி சிறிய கேள்வியல்ல. ஒரு மேடைப்பேச்சின் விலையை மறுநாள் அயலவர் இருவரும் கொடுக்க வேண்டிவரும்.

எபேசு நகரில் ஒரு கணவனும் மனைவியும் இதைச் செய்து காட்டினர். கூடாரம் செய்து பிழைத்த அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும், நாவன்மை மிக்க அப்பொல்லோ தொழுகைக்கூடத்தில் போதிப்பதைக் கேட்டார்கள். அவர் மறைநூலில் வல்லவர். ஆனால் யோவானின் திருமுழுக்கைத் தவிர வேறொன்றும் அறியார். அவர்கள் கூட்டத்தில் எழுந்து மறுத்துப் பேசவில்லை. கேட்டுவிட்டுப் பேசாமலும் இருக்கவில்லை. அவரைத் தங்களோடு அழைத்துச் சென்று, கடவுளின் நெறியை இன்னும் திட்டமாக விளக்கினார்கள். அவரும் கேட்டுக்கொண்டார். பின்னர் அவர் அக்காயாவுக்குச் செல்ல விரும்பியபோது, அவரை ஏற்றுக்கொள்ளுமாறு அங்குள்ள சீடருக்கு எபேசு நகரச் சகோதரர்கள் கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினார்கள்.