மீன்பிடி போட்டிக்கு ஸ்பான்சர் பிடிப்பது எப்படி? புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி பகுதிகளின் கரையோரத்தில் மாலை நேரங்களில் தூண்டிலோடு நிற்பவர்களைப் பார்க்கலாம். மலையாளத்தில் இதைச் 'சூண்டயிடல்' என்கிறார்கள். சீன வலைகளுக்குப் பெயர்போன இந்தக் கரையில் பலருக்கு அது பொழுதுபோக்கு. சிலருக்கு அடுத்த ஆசையும் உண்டு: போட்டிகளில் இறங்கி, ஏதாவது நிறுவனத்தை ஸ்பான்சராகப் பிடிப்பது.

ஆனால் ராட், ரீல், லூர், படகு வாடகை, நுழைவுக் கட்டணம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். கடன் வாங்கிச் செலவழித்துவிட்டு ஸ்பான்சருக்காகக் காத்திருப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

ஸ்பான்சர் ஏன் பணம் தருகிறார்?

நீங்கள் நல்லா மீன் பிடிக்கிறீர்கள் என்பதற்காக மட்டும் இல்லை. "உனக்குக் கொடுத்தா என் கடையில என்ன தம்பி விக்கும்?" இதுதான் கடைக்காரரின் கேள்வி. அதற்குப் பதில் இல்லாமல் கோப்பையை மட்டும் காட்டினால் வேலைக்கு ஆகாது.

போட்டி மீன்பிடிப்பு பெரிய தொழிலாக வளர்ந்த நாடு அமெரிக்கா. அங்கே 1971-ல் லேக் மீட் ஏரியில் நடந்த முதல் 'பாஸ்மாஸ்டர் கிளாசிக்' போட்டியின் பரிசு 10,000 டாலர். 2004-ல் அதே போட்டியை வென்ற முதல் ஜப்பானியர் டகாஹிரோ ஒமோரி. 1992-ல் அமெரிக்கா போன அவர், ஆரம்ப காலத்தில் காரிலேயே தங்கித்தான் போட்டிகளில் கலந்துகொண்டார். பெயர் கிடைக்க அவருக்கே 12 ஆண்டுகள் ஆனது.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில் உள்ளூர் தூண்டில் கடை. பிறகு படகு வாடகைக்கு விடுபவர்கள், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள். சுற்றுலாவை நம்பியிருக்கும் கொச்சியில், கொடுவா பிடிக்கும் வீடியோ அவர்களுக்கும் விளம்பரம்தான். பெரிய பிராண்டுகள் அதற்குப் பிறகு.

அணுகும்போது ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: நீங்கள் யார், இந்த ஆண்டு எந்தெந்தப் போட்டி, உங்கள் வீடியோக்களை எத்தனை பேர், எந்த ஊரிலிருந்து பார்க்கிறார்கள், பதிலுக்கு மாதம் எத்தனை பதிவு தருவீர்கள். ஃபாலோயர் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். ஆயிரம் பேர் பார்த்தாலும் அவர்கள் கொச்சிக்காரர்களாக இருந்தால், உள்ளூர்க் கடைக்கு அதுவே பெரிது.

'ப்ரோ ஸ்டாஃப்' என்றால் சம்பளமா?

பெரும்பாலும் இல்லை. பொருளைத் தள்ளுபடியில் தந்து, பதிலுக்கு விளம்பரம் செய்யச் சொல்வதுதான் வழக்கம். உதாரணத்துக்கு, 12,000 ரூபாய் ரீலுக்கு 25% தள்ளுபடி என்றால் உங்கள் கையிலிருந்து 9,000 ரூபாய் போகிறது. அந்த ரீல் உங்களுக்குத் தேவையே இல்லையென்றால் அது வரவு அல்ல, செலவு.

இலவசப் பொருளுக்கு வரி உண்டா?

உண்டு. 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, தொழில் சார்ந்து ஒரு நிறுவனம் ஒரு நிதியாண்டில் தரும் சலுகைகளின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10% வரிப்பிடித்தம் உண்டு. 40,000 ரூபாய்க்கு ராட், ரீல் தந்தால் 4,000 ரூபாய். பொருளைப் பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் அது சலுகையாகக் கணக்கில் வராது. வைத்துக்கொண்டால்தான் வரும்.

விளம்பரம் என்று சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு போடும் பதிவில் அது விளம்பரம் என்று பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது மத்திய நுகர்வோர் விவகாரத் துறையின் வழிகாட்டுதல். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பரிந்துரைப்பவருக்கே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

எந்த மீனோடும் போட்டோ எடுக்கலாமா?

கூடாது. திமிங்கலச் சுறா, வேளா சுறா போன்றவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றைப் பிடித்து நிற்கும் படம் உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். கேரளத்தில் பல மீன் இனங்களுக்குக் குறைந்தபட்சப் பிடி அளவும் உண்டு. குஞ்சு மீனைத் தூக்கிக் காட்டினால் கமெண்டில் திட்டு விழும், ஸ்பான்சரும் ஒதுங்கிக்கொள்வார். பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடுவதையே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

கையெழுத்துப் போடும் முன்...

மூன்று விஷயங்களைப் பாருங்கள். வேறு நிறுவனப் பொருளைப் பயன்படுத்தத் தடை இருக்கிறதா? உங்கள் படங்களை அவர்கள் எத்தனை காலம் பயன்படுத்தலாம்? பாதியில் விலக வழி உண்டா? சில ஆயிரம் ரூபாய் தள்ளுபடிக்காக உங்கள் படங்களையெல்லாம் நிரந்தரமாக எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

அதுவரைக்கும் வேலையை விட வேண்டாம். சம்பளத்தில் மிச்சம் பிடிக்கும் காசுதான் முதல் சீசனுக்கு உங்கள் ஸ்பான்சர்.