சொல்லாமல் போன மிஸ்!
எங்கள் தெரு மாலை வகுப்பில், ஜெர்மனியிலிருந்து தொண்டு செய்ய வந்த இளம்பெண், ஏழைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தாள். கொரோனா பரவிய 2020 மார்ச்சில், வெளிநாடுகளிலிருந்த இளம் தொண்டர்களை ஜெர்மனி திரும்ப அழைத்தது. இரண்டே நாளில் கிளம்பி விட்டாள். அமெரிக்காவின் 'பீஸ் கோர்' தொண்டர்கள் சுமார் 7,000 பேரும், அதே மாதம் 60க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டனர்.

அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால், 'மிஸ்சுக்கு எங்க மேல கோபமா ஆன்ட்டி?' என்று கேட்ட பிள்ளைகளைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. அவளே போனில் பேசி, 'போயிட்டு வரேன்' என்ற பிறகே சமாதானமானார்கள். வகுப்பு மீண்டும் தொடங்கியபோதோ, பாடம் எடுக்க ஆளில்லை.

தொண்டர்களை வரவழைப்போரே... முதல் நாளிலிருந்தே உள்ளூர்ப் பெண் ஒருத்தியையும் கூட வைத்துப் பழக்குங்கள். திடீரென்று கிளம்ப நேர்ந்தாலும், பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு போகச் செய்யுங்கள்!

— வாசகி, சைதாப்பேட்டை.