பாட்டன் பெயரைத் தேடி



சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, உயர்தர வகுப்பு மாணவர் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தேன். ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த வுல்பெண்டால் தேவாலயத்தைக் காட்டுவதே என் நோக்கம். இந்துக் கல்லூரித் தமிழாசிரியருக்கு அங்கே என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கல்வெட்டைப் பற்றிப் படிப்பிக்கிறவன் கல்வெட்டு இருக்கும் இடத்துக்குத்தானே பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல வேண்டும்! கோட்டைக்குள் இருந்த பழைய ஆலயத்தின் கல்லறைக் கற்கள் 1813இல் இங்கே கொண்டுவரப்பட்டன. ஆளுநர்களின் பெயர், குலச் சின்னம், இறந்த நாள் என்று அக்கற்கள் இன்றும் பேசிக்கொண்டிருக்கின்றன.

கற்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த ஒரு மாணவன் என்னிடம் வந்தான். பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டில் தங்கிப் படிக்கிற பிள்ளை. "சேர், எங்க தாத்தாவோட அப்பாவுக்கு இப்படி ஒரு கல்லு எங்க இருக்கு?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அந்தக் கேள்வியையும் சுமந்துகொண்டுதான் வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினேன். அதற்கு நான் தேடிய விடையே இன்றைய உரை.

தமிழில் பேரன் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரன் என்பதே பேரன் ஆயிற்று. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். இந்த வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்த ஸ்கொட்லாந்து நாட்டிலும் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரையும், இரண்டாவது மகனுக்குத் தாய்வழிப் பாட்டனின் பெயரையும் சூட்டுவது நெடுங்கால மரபு. அந்நாட்டில் ஓர் உழவனின் கொள்ளுப்பேரன் தன் மூதாதையைத் தேடப் புறப்பட்டால் அந்த மரபே அவனுக்கு முதல் வழிகாட்டி.

அடுத்த வழிகாட்டி, ஊர்த் திருச்சபையின் பதிவேடு. அங்கே அரசாங்கப் பதிவு 1855இல்தான் தொடங்கியது. அதற்கு முந்திய காலத்துக்கு, ஞானஸ்நானம் பெற்ற குழந்தை யார், எந்த இருவருக்குத் திருமண அறிவிப்புச் செய்யப்பட்டது என்று திருச்சபையார் எழுதிவைத்த ஏடுகளே ஆதாரம். இன்று அவற்றைக் கணினியிலேயே பார்த்துக்கொள்ள முடிகிறது. மூன்றாவது வழிகாட்டி கல்லறைக் கல். அந்நாட்டுக் கல்லில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. மனைவியின் பெயரை எழுதும்போது அவள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையே எழுதுவார்கள். ஒரு கல்லில் இரண்டு குடும்பங்களுக்கு வழி கிடைத்துவிடும். நிலத்தைக் குத்தகைக்கு உழுதவனா, நிலத்துக்குச் சொந்தக்காரனா என்பதைக்கூட ஊர்ப் பெயருக்கு முன்னால் வரும் ஒரு சிறு சொல்லை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு? தொடர்பு நம் மலைகளிலேயே இருக்கிறது.

ஸ்கொட்லாந்தின் கின்கார்டின்ஷயர் என்ற வேளாண்மைப் பிரதேசத்தில் 1835ஆம் ஆண்டு மார்ச் 29இல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பன் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். வீடோ ஒரு சிறு குடிசை. அந்தப் பிள்ளை 1852இல், பதினேழு வயதுகூட நிறையாத பருவத்தில், இலங்கைக்கு வந்து சேர்ந்தது. அவர்தான் ஜேம்ஸ் டெய்லர். கண்டிக்குத் தெற்கே ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில், 1867இல், ஏழாம் நம்பர் மலையில் பத்தொன்பது ஏக்கரில் அவர் தேயிலை நட்டார். இரண்டே ஆண்டில், 1869இல், கோப்பிச் செடியை ஒரு பூஞ்சண நோய் தாக்கத் தொடங்கியது. பின்னர் கோப்பி அழிந்து தேயிலையே நாட்டின் செல்வமாயிற்று.

டெய்லர் ஊரிலிருந்த தகப்பனாருக்கு எழுதிய கடிதங்கள் இன்று ஸ்கொட்லாந்தின் தேசிய நூலகத்தில் உள்ளன. அவர் 1892ஆம் ஆண்டு மே 2இல் வயிற்றுளைச்சலால் இறந்தார். கண்டி மஹியாவை மயானத்தில் அவருக்கு ஒரு கல் நிற்கிறது. இந்தத் தீவில் தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் முன்னோடி என்று அந்தக் கல் சொல்கிறது. பிறப்பு, வாழ்வு, இறப்பு மூன்றுக்கும் எழுத்து இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். டெய்லர் பிரபுவின் பிள்ளையல்லர். ஏழைத் தச்சரின் பிள்ளை. பெரிய மனிதர் என்பதற்காக ஊர் அவர் பிறப்பை நினைவில் வைத்திருக்கவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளையையும் எழுதிவைக்க அங்கே ஓர் ஏடும் அதற்கு ஓர் ஆளும் இருந்தார்கள்.

இனி அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு வருவோம். தோட்டத் தொழிலாளர் அவரைச் சாமித் துரை என்று அழைத்தார்கள். அவர் பருத்த உடம்புக்காரர். லூல்கந்துரவிலிருந்து கண்டிவரை பதினெட்டு மைல் தூரம் அவரது உடலை இருபத்துநான்கு பேர் சுமந்து சென்றதாகத் தேயிலை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பன்னிரண்டு பன்னிரண்டு பேராக இரண்டு அணி, நான்கு மைலுக்கு ஒருமுறை தோள் மாற்றம் என்ற விபரங்கள்கூட எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்த நூல்கள் அந்த இருபத்துநான்கு பேரின் பெயரைச் சொல்வதில்லை. மைலை எண்ணியிருக்கிறார்கள், தோளை எண்ணியிருக்கிறார்கள். பெயரை மட்டும் கேட்கவில்லை!

1913இல் ஜே. பி. லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி இலங்கையிலுள்ள கல்லறைக் கற்களின் வாசகங்களைத் திரட்டி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். பெரும்பாலும் ஐரோப்பியரின் கற்கள். கல் நாட்டப்படாமலே இறந்து போனவர்களுக்கும் அவர் அந்நூலில் ஒரு தனிப் பட்டியல் சேர்த்தார். கல் இல்லாத துரைக்கும் ஏட்டில் இடம் கிடைத்தது. கல்லும் இல்லாமல், ஏடும் இல்லாமல் போனவர்கள் நம்மவர்களே.

கல் நாட்டுவது தமிழனுக்குத் தெரியாத கலையன்று. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் எடுப்பதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு நிலைகளாக வகுத்தது தொல்காப்பியம். அந்த மரபின் வாரிசுகள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கல் எடுக்க யாருக்கு நேரம்? மலைக்கு வந்து சேர்ந்து உழைத்து மாண்டவர்கள் தேயிலைக்கு அடியில் உரமானார்கள். அவர்களுக்கு ஓர் அடையாளக் கல்கூட இல்லையே என்ற ஏக்கத்தை ஆங்கிலக் கவிதையாக எழுதினார் சி. வி. வேலுப்பிள்ளை. அதைத் தமிழில் தந்தவர் சக்தி பாலையா. படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள்.

இது வெறும் ஏக்கத்தோடு முடிகிற கதையன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஒருவர் இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் இருவருமே இங்கே பிறந்திருக்க வேண்டும் என்று அது விதித்தது. ஆனால் இந்நாட்டில் பிறப்பு இறப்புப் பதிவு தொடங்கியதே 1867இல். அது கட்டாயமானது 1897இல்தான். அதற்கு முன்னர் லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அத்தாட்சிப் பத்திரம் எங்கிருந்து வரும்? ஸ்கொட்லாந்துக்காரர் தம் விருப்பத்துக்குத் தேடுகிற பாட்டனின் காகிதத்தை, நம்மவர்களிடம் சட்டம் கட்டாயமாகக் கேட்டது.

என் பூட்டனார் கோப்பி அழிந்து தேயிலை வந்த காலத்தில், இதே மண்ணில், லயத்தில் பிறந்தவர் என்பது எங்கள் குடும்ப வழக்கு. காகிதம் இல்லை. எனவே என் பாட்டனார் 1949ஆம் ஆண்டு வந்த மற்றச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தார். மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. தோட்டத்துச் செக்ரோலில் ஒரு விதமாகவும் வேறு காகிதத்தில் இன்னொரு விதமாகவும் அவர் பெயர் எழுதப்பட்டிருந்தது. கறுப்பனையும் கறுப்பையாவையும் கறுப்பண்ணனையும் ஒரே எழுத்துக் கூட்டலில் அடக்கிவிடுகிற ஆங்கிலக் கணக்கு அது.

எங்கள் வீட்டில் ஒரு பித்தளைச் செம்பு உண்டு. அதன் கழுத்தில், புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்தில், பூட்டனாரின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருக்கின்றன. விசாரணை நாளன்று பாட்டனார் அந்தச் செம்பைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு ரயில் ஏறினாராம். அதிகாரியின் மேசைமேல் வைத்தாராம். "பாத்திரம் வந்து சாட்சி சொல்லுமா?" என்று அங்கிருந்த ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்களாம். பாட்டனார் செம்பை மறுபடியும் துவாயில் சுற்றிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

அவர் தனி ஒருவரல்லர். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறத்தாழ ஒரு இலட்சத்து முப்பத்துநாலாயிரம் பேருக்கே குடியுரிமை கிடைத்தது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது 9,75,000 பேர் கணக்கில் இருந்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி பின்னர் என்று பங்கு பிரித்தார்கள். என் தகப்பனார் நாடற்றவராகவே வளர்ந்து, நாடற்றவராகவே மணம் முடித்தார். 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு, எனக்கு ஒன்பது வயதாகும்போது, ஒரு சத்தியக் கடதாசியோடு அவர் இந்நாட்டுக் குடிமகனானார். எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது.

இனி, தேட விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பிறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்களின் பிரதிகளை முதலில் எடுங்கள். தோட்டத்து ஆபீசில் பழைய செக்ரோல் மிஞ்சியிருந்தால் பெயரோடு இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய கடவுச்சீட்டு, மண்டபம் முகாம் காகிதம் எதையும் எறியாதீர்கள். வடபகுதியினருக்கு ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் உண்டு. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் விசாரிக்கலாம். இவற்றுக்கெல்லாம் முன்பாக, வீட்டிலுள்ள முதியவரிடம் கேளுங்கள். பாத்திரங்களின் கழுத்தைத் திருப்பிப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனைக்குப் போய்வந்த அந்த வாரம், நான்கு தலைமுறைப் பெயரை எழுதிவரும்படி மாணவர்களுக்குச் சொல்லியிருந்தேன். பெரும்பாலோர் பாட்டனோடு நின்றுவிட்டார்கள். பூட்டியின் பெயரை எழுதியிருந்தவன் ஒருவன் மட்டுமே. கல் எங்கே என்று கேட்டானே, அதே பிள்ளைதான். பதுளையிலுள்ள அப்பாயியிடம் தொலைபேசியில் கேட்டு எழுதினானாம்.

அவன் கொப்பியைத் திருத்தும்போதுதான் எனக்கு உறைத்தது. செம்பில் உள்ள பூட்டனாரின் பெயரை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். அந்தச் செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்த பூட்டியின் பெயர் எனக்குத் தெரியாது! அதற்கு எந்தச் சட்டத்தையும் எந்தத் துரையையும் நான் குறை சொல்ல முடியாது. தலவாக்கலையில் எண்பத்திரண்டு வயதில் என் பெரிய அத்தை இருக்கிறார். அவருக்கு நினைவு இன்னும் தெளிவு. சித்திரை விடுமுறைக்குப் போகிறேன். கையில் ஒரு கொப்பியும் கொண்டு போகிறேன்.