விரல் மரத்தால் கழுத்துக்கு ஏன் பயிற்சி?

சிலிண்டர் புதிது. பர்னரைக் கழற்றித் தேய்த்தும் பார்த்தாயிற்று. ஆனாலும் அடுப்பு மங்கித்தான் எரிகிறது. குனிந்து பார்த்தால், மேடையில் போட்ட ஓட்டையில் ரப்பர் ட்யூப் நசுங்கிக் கிடக்கிறது. கழுத்து நரம்பு அழுந்தினாலும் இதே கதைதான். மரத்துப்போவது விரல், கோளாறு கழுத்தில்.

ஓட்டை எங்கே?

கழுத்தெலும்புகள் 7, கழுத்து நரம்புகள் 8 ஜோடி. எலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு பிதுங்கினாலோ, வயதாகி எலும்பு முள்போல் வளர்ந்தாலோ நரம்பு வெளிவரும் துவாரம் குறுகிவிடும். கட்டைவிரல் மரத்தால் 6ஆம் நரம்பையும், நடுவிரல் என்றால் 7ஆம் நரம்பையும், சுண்டுவிரல் என்றால் 8ஆம் நரம்பையும் முதலில் சந்தேகிப்பார்கள். அதிகம் மாட்டிக்கொள்வது 7ஆவது. அண்ணாந்தபடி வலிக்கிற பக்கம் திரும்பினால் துவாரம் மேலும் குறுகும். பரணில் பாத்திரம் எடுக்கும்போது சுரீரென்பது அதனால்தான்.

தலையை நேராக வை

சுவரில் முதுகு சாய்த்து உட்காருங்கள். பார்வை நேராக இருக்கட்டும். தலையைக் குனியாமல், மோவாயை மட்டும் பின்னுக்கு இழுங்கள். இரட்டைத் தாடை விழுந்தால் சரியாகச் செய்கிறீர்கள். 5 விநாடி நிறுத்தி விடுங்கள், 10 முறை. முன்னே நீண்டிருந்த தலை தோளுக்கு நேராக வரும், பிடரித் தசைகளின் இழுபறி குறையும். கூடவே இரு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் நெருக்கி விடுங்கள்.

ட்யூபை இழுக்காதே, நகர்த்து

ஒரு முனையை இழுக்கும்போது மறுமுனையைத் தளர்த்தினால் ட்யூப் விறைக்காமல் நகரும். நரம்புக்கும் அப்படியே. கையைப் பக்கவாட்டில் வைத்து, முழங்கையை நீட்டும்போது மணிக்கட்டை உள்ளே மடக்குங்கள். முழங்கையை மடக்கும்போது மணிக்கட்டைப் பின்னால் விரியுங்கள். மெதுவாக, வலி வருமுன் நிறுத்தி. ரப்பருக்கு உயிரில்லை, நரம்புக்கு உண்டு. வீங்கியிருக்கும் நரம்பை வெடுக்கென்று இழுத்தால் இன்னும் கோபித்துக்கொள்ளும்.

சரியாகிறதா?

வலி விரலைவிட்டு முழங்கைக்கும், பிறகு தோளுக்கும் ஏறி வந்தால் நல்ல அறிகுறி. கழுத்து சற்று அதிகம் வலித்தாலும் பயமில்லை. கீழே இறங்கினால் பயிற்சியை நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சில வாரங்களிலோ மாதங்களிலோ குறைந்துவிடும். ஆனால் கை பலமிழந்தாலோ, சட்டைப் பித்தான் போட விரல் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ பயிற்சி வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.