உங்களுக்குத் தெரியுமா? நிறுத்தி வைத்தால் கெட்டுப்போகும் கார்!

★ அரை நூற்றாண்டு தாண்டிய ஸ்போர்ட்ஸ் காரில் இன்றும் அன்றாடம் வேலைக்குப் போய் வருகிறவர்கள் பிரிட்டனில் உண்டு. அவர்கள் விரும்பும் கார்களில் முக்கியமானது எம்.ஜி.பி. 1962-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள ஆபிங்டன் தொழிற்சாலையில் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் தயாராயின. அத்தனை வண்டிகள் விற்றதால்தான் இன்றைக்கும் வைப்பர் மோட்டார் முதல் கதவுப் பிடி வரை புதிதாக வாங்க முடிகிறது.

★ முழு பாடியே புதிதாகக் கிடைக்கும்! பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் தொழிற்சாலையின் பழைய அச்சுகளைத் தேடிப்பிடித்து, 1988 முதல் எம்.ஜி.பி.யின் பாடி ஷெல்லைத் திரும்பச் செய்யத் தொடங்கியது. துருப்பிடித்த வண்டியின் எஞ்சினையும் சக்கரங்களையும் கழற்றிப் புதிய கூட்டில் பொருத்திக்கொள்ளலாம்.

★ இந்தக் காரின் எஞ்சினை நம்மூர் மெக்கானிக் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்வார். எம்.ஜி.பி.யில் இருப்பது பி.எம்.சி. நிறுவனத்தின் ‘பி சீரிஸ்’ வரிசையைச் சேர்ந்த 1,798 சி.சி. எஞ்சின். அதே வரிசையில் பிறந்த 1,489 சி.சி. எஞ்சின்தான் நம் அம்பாசடரை நெடுங்காலம் இழுத்தது. வேகத்துக்காகப் பிரத்தியேகமாகச் செய்த நுட்பமான எஞ்சின் அல்ல, குடும்பக் கார்களுக்காகச் செய்தது. முரட்டுத்தனமாக உழைக்கும், சாதாரண ஸ்பேனர் செட்டுக்கு அடங்கும். இரட்டை எஸ்.யூ. கார்பரேட்டரோடு 95 குதிரைத்திறன் தரும். மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும்.

★ இந்தக் கார் ஓடினால் தேயும், நின்றால் அழுகும். இரண்டில் தேய்மானத்தைச் சரிசெய்வதே எளிது. மாதக்கணக்கில் ஷெட்டில் நின்றால் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், முன்சக்கர டிஸ்க் பிரேக்கின் பிஸ்டன் துருவேறி இறுகும், ரப்பர் சீல்கள் காயும். பெட்ரோல் பம்ப்பும் அப்படித்தான். சாவியைத் திருப்பியதும் பின்பக்கத்திலிருந்து டிக் டிக் என்று கேட்டால் அது பெட்ரோலை ஏற்றுகிறது என்று பொருள். உள்ளே இருப்பது இரண்டு பாயிண்ட்டுகள். நீண்ட நாள் ஓடாவிட்டால் அவற்றின் முகத்தில் படலம் படர்ந்து மின்சாரம் பாயாது. அப்போது பம்ப்பை ஸ்பேனரால் மெல்லத் தட்டி உயிர்ப்பிப்பது பழைய கைவைத்தியம். தினமும் ஓடும் வண்டிக்கு அந்த வைத்தியம் அநேகமாகத் தேவைப்படாது.

அதற்காகக் கடைத்தெருவுக்கு மட்டும் ஓட்டுவதும் நல்லதல்ல. எஞ்சின் முழுதாகச் சூடேறாவிட்டால் சைலன்சருக்குள் நீர் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும், எஞ்சின் ஆயிலிலும் ஈரம் சேரும். எடுத்தால் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும்.

★ ஓவர்டிரைவ் உள்ள வண்டியா என்று வாங்குமுன் கேளுங்கள். பிரிட்டிஷ் மோட்டார்வேயின் உச்ச வரம்பு மணிக்கு 70 மைல். நாலாவது கியரில் அந்த வேகத்துக்கு எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,900 சுற்று சுற்றும். ஓவர்டிரைவைப் போட்டால் ஏறத்தாழ 3,200 போதும். சத்தமும் பெட்ரோல் செலவும் குறையும். தினசரி ஓட்டத்துக்கு இதைவிடப் பயனுள்ள வசதி இந்தக் காரில் இல்லை.

★ ஆரம்ப கால எம்.ஜி.பி.யில் ஹீட்டருக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும்!

★ 1967 வரை வந்த வண்டிகளில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். இது தெரியாமல் இன்றைய ரேடியோவையோ போன் சார்ஜரையோ இணைத்தால் புகைந்துவிடும். லூகாஸ் நிறுவனத்தின் மின்கருவிகளைக் குறைசொல்வது பிரிட்டிஷ் கார்க்காரர்களின் பழைய வழக்கம். பெரும்பாலும் குற்றவாளி கருவியல்ல, துருவேறிய எர்த் இணைப்புதான். எல்லா எர்த் முனைகளையும் கழற்றித் தேய்த்துத் திரும்ப முறுக்கினாலே பாதித் தொல்லை தீரும். அந்த லூகாஸ் 1961-இல் டி.வி.எஸ். குழுமத்தோடு சேர்ந்து உருவாக்கியதுதான் சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ் டி.வி.எஸ்.

★ பிரிட்டனில் 2000 ஜனவரி முதல் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை நின்றது. பழைய எஞ்சினில் அந்த ஈயம்தான் வால்வ் சீட் தேயாமல் காத்துவந்தது. அதனால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கடினமான வால்வ் சீட் பதித்துக்கொண்டார்கள். அடுத்த மாற்றம் 2021 செப்டம்பரில் வந்தது: சாதாரண பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதம் வரை. பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் அரிக்கும் என்பதால் 5 சதவீத எத்தனால் கொண்ட, விலை கூடுதலான பெட்ரோலைப் போடுவதே பாதுகாப்பு.

★ எம்.ஜி.பி.க்கு அங்கே சாலை வரி கிடையாது. வண்டி 40 வயதைத் தாண்டினால் ‘வரலாற்று வாகனம்’ என்று பதிந்துகொள்ளலாம். பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு வருடாந்தரத் தகுதிச் சோதனையும் 2018 மே முதல் கட்டாயமில்லை. லண்டன் முழுக்க, புகை அதிகம் விடும் கார்களுக்கு ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு கட்டணம் உண்டு. அதிலிருந்தும் விலக்கு! ஆனால், தினம் ஓட்டுகிறவர் தகுதிச் சோதனையை விடவே கூடாது. ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. பிரேக்கும் ஸ்டியரிங்கும் சரியாக இருப்பது ஒன்றே இந்தக் காரின் பாதுகாப்பு. அடுத்தவர் கண்ணால் வருடத்துக்கு ஒரு முறை சோதித்துக்கொள்வது நமக்கும் எதிரே வருகிறவருக்கும் செய்யும் கடமை.

★ 1974-க்குப் பிறகு வந்த வண்டிகளில் பளபளக்கும் குரோம் பம்பர் போய், பெரிய கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. அமெரிக்கச் சட்டத்துக்காக வண்டியின் உயரத்தையும் சுமார் ஒன்றரை அங்குலம் கூட்டினார்கள். அழகு குறைந்தது என்று ரசிகர்கள் ஒதுக்குவதால் விலை குறைவு. பார்க்கிங்கில் பத்து வண்டி உரசும் நகரத்தில் தினம் நிறுத்துகிறவருக்கு நான் சொல்வது ரப்பர் பம்பர் வண்டியைத்தான்.

★ இந்தக் காரின் பெரிய எதிரி மழையல்ல, உப்பு. பிரிட்டனில் குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்பைத் தூவுவார்கள். எம்.ஜி.பி.க்குத் தனி சேசிஸ் கிடையாது. திறந்த வகை வண்டியில் கூரையும் இல்லாததால் கதவுகளுக்குக் கீழே ஓடும் ‘சில்’ என்ற அடிப்பகுதிதான் வண்டி மடங்காமல் தாங்குகிறது. மூன்று அடுக்குத் தகடுகளால் ஆன அதன் உள்ளே உப்பு நீர் புகுந்தால், வெளியே பெயிண்ட் பளபளக்க உள்ளே தகடு பொடியாகும். குளிர்காலத்திலும் ஓட்டுகிறவர்கள் சில்லுக்குள் மெழுகு பீய்ச்சி அடைக்கிறார்கள், வாரம் ஒருமுறை அடிப்பாகத்தைத் தண்ணீரால் அலசுகிறார்கள். இந்த இரண்டையும் செய்ய மனமில்லாதவர் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பஸ்ஸில் போகலாம்.

★ அங்கே வசிக்கும் நம்மவர்கள் யாராவது எம்.ஜி.பி. வாங்கக் கிளம்பினால் பையில் ஒரு காந்தம் போட்டுக்கொள்ளுங்கள். கதவுக்குக் கீழே சில் நெடுகிலும் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, துருவை மறைத்துப் பூசிய பட்டிதான் இருக்கிறது. அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.