கிறிஸ்துமஸ் விருந்தில் குட்டிக் கோஸ்

பிரிட்டனில் கிறிஸ்துமஸ் விருந்து என்றால் வான்கோழி ரோஸ்ட்டுக்குப் பக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் ஸ்பிரௌட்ஸ் இருந்தே ஆக வேண்டும். பெரிய நெல்லிக்காய் அளவே உள்ள கோஸ் வகை இது. உறைபனி பட்டபின் பறித்தால் இனிப்பு கூடும். ஆனாலும் பலர் தட்டில் ஒதுக்கிவிடுகிறார்கள், பாவம்! குற்றம் காயில் இல்லை, வேகவைப்பதில்தான். நேரம் கூடக்கூடக் கந்தக வாடை கிளம்பும், பச்சை நிறமும் மங்கும். கொதிக்கும் உப்புநீரில், மூடி போடாமல், ஐந்தாறு நிமிடம் போதும். நன்றாக வடித்து, செஸ்ட்நட் கொட்டையோடு வெண்ணெயில் ஒரு பிரட்டு பிரட்டுங்கள். அடிக்காம்பில் கூட்டல் குறிபோல் கீறும் வழக்கம் வேண்டாம்; தண்ணீர் கோத்துக் குழைந்துவிடும். கூடவே இன்னொரு பச்சைக் காய் வைப்பதானால், இந்தக் கோஸைப் போலவே கசப்புள்ள கீரை வகையைவிட இனிக்கும் பச்சைப் பட்டாணியே பொருத்தம்.